இரண்டு கொப்பிகள்

வட்டகொடையிலிருந்து தலவாக்கலைக்கு ஒரே ஸ்டேஷன்தான். கோச்சியில் ஏறி உட்கார்ந்து ஒரு பேச்சுத் தொடங்கினால் அது முடிவதற்குள் இறங்க வேண்டி வந்துவிடும். அந்தச் சின்னத் தூரத்துக்குள் பெற்றீசியா எங்களை வயிறு நோகச் சிரிக்க வைப்பாள். பதினேழு வருடங்கள் நானும் அவளும் அந்தக் காலைக் கோச்சியில் போய், தலவாக்கலையில் பஸ் பிடித்து, லிந்துலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தோம். அவள் இரண்டாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு. பயிற்சிக் கல்லூரியிலிருந்தே எங்களுக்குள் வாடி போடிதான்.

அவளுடைய கதைகளில் பாதி அவள் புருஷன் சூசைரட்ணத்தைப் பற்றியவை. அவர் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் டீமேக்கர், தூளின் தரம் பார்க்கிறவர். எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரைக் கரண்டியில் எடுத்து, தேயிலை ருசி பார்ப்பதுபோல 'உர்ர்' என்று உறிஞ்சி, "இந்தச் சரக்கு ஏலத்துல போகாது" என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தாராம். இதைப் பெற்றீசியா நடித்துக் காட்டும்போது, எதிர் ஸீட்டில் இருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் பாஷை முழுதாகப் புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்கள் அப்படித்தான் போயின. அவை நல்ல நாட்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

2020 தை மாதம் சூசைரட்ணம் அண்ணன் பெக்டரிக்குள்ளேயே, கொழுந்து அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பெற்றீசியாவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அடக்கம் முடிந்த பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தவள்தான். அழவில்லை. தலை வாரவில்லை. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பாள். மகள் கேத்ரின் கொழும்பில் ஒரு பார்மசியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு கிழமை, பதினாலு நாளுக்கு மேல் லீவு இல்லை. ஆறு கிழமை பார்த்துவிட்டு, மாசிக் கடைசியில் நான்தான் அவளை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டில் பிரஷர் கிளினிக் என்று சொன்னோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஜீவா, இது யாருக்கும் தெரியக் கூடாது. டீச்சருக்கு மண்ட கொழம்பிருச்சுன்னு சொல்லுவாங்க. நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள பாக்கணும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்டி."

மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கொரோனாவுக்காக ஊரையே மூடியிருந்த காலத்தில் மாத்திரை தபாலில் வந்தது. ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து, இறுகப் பின்னி, வாசலில் நின்று முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்னடி அப்பிடிப் பாக்குற?" என்று கேட்டாள். நான் திரும்பிப் போகிற வழியில் அழுதேன். பள்ளிக்கூடம் திறந்தபோது அவளும் வந்தாள்.

அந்த வருடக் கடைசியில்தான் வலி தொடங்கியது.

வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பு வந்து சேருகிற இடத்தில். முதலில் காது குத்துகிறது என்றாள். காது டொக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு பல் என்றாள். 2021இல் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது, திரும்பவும் வந்துவிட்டது. அடுத்த வருடம் டீசல் இல்லாமல் பஸ், கோச்சி எல்லாம் நின்றபோது, தண்டவாளத்து ஓரமாகவே தலவாக்கலை வரை நடந்துபோய் இரண்டாவது பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வருடம் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடம், வெவ்வேறு டொக்டர். ஒவ்வொருவரும் அவள் விரல் வைத்துக் காட்டிய பல்லைத்தான் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவள் அழுதுகொண்டே காட்டினாள்.

பேக்கரிப் பாணைத் தேத்தண்ணியில் நனைத்துத்தான் சாப்பிடுவாள். ரொட்டியைத் தொடுவதில்லை. கொட்டாவி வந்தால் கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். கோச்சியில் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வையோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். கன்னத்தில் ஒரு தசை எழும்பி எழும்பி அடங்கும். அவளுக்கு யார் மேலோ கோபம் என்று நான் நினைத்தேன். ஒருவேளை கடவுள் மேல்.

போன வருடத் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பல் டொக்டர் வந்தார். டொக்டர் சுலக்ஷனா. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வயது முப்பதுதான் இருக்கும். எங்கள் பேச்சையே பேசினார்.

"வாயத் தொறங்க டீச்சர். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மிஸ் வருது."

டொக்டர் தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார். "ஒங்க கை விரல் மூணு இப்பிடி உள்ள போகணும்." பெற்றீசியாவுக்கு இரண்டாவது விரலே பல்லில் இடித்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கடைசியாக இரண்டு கைகளாலும் அவளுடைய கன்னங்களை அழுத்தியபோது பெற்றீசியா 'அம்மா' என்று கத்திவிட்டாள்.

"இந்தப் பல்லுல ஒண்ணுமில்லீங்க டீச்சர். நல்ல பல்லு. ஆனா எல்லாப் பல்லும் தேஞ்சிருக்கு. ஒங்களுக்கே தெரியாம எந்த நேரமும் கடிச்சிக்கிட்டே இருக்கீங்க. தச ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. வலி அங்கதான்." பிறகு கேட்டார். "வேற ஏதாச்சும் மருந்து எடுக்குறீங்களா? பிரஷருக்கு, சீனி வருத்தத்துக்கு, நித்திரைக்கு?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய பை என் கையில் இருந்தது. பல் வைத்தியம் எழுதுகிற அட்டைக் கொப்பி மேசையில் இருந்தது. மற்றக் கொப்பி, மனநலக் கிளினிக் கொப்பி, பைக்குள் ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் மாத்திரையும் எடுக்க வேண்டியிருந்ததால் கொண்டுவந்திருந்தாள். நான் பையின் ஸிப்பை இழுத்து மூடினேன்.

பல்லின் மேல் மாட்டிக்கொண்டு படுப்பதற்குக் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார் டொக்டர். இரண்டு மாதத்துக்குள் அவள் அதைக் கடித்துப் பிளந்துவிட்டாள். சித்திரைப் புதுவருடம் முடிந்து திரும்பவும் போனோம். அன்றைக்கு அவள் முகம் வீங்கியிருந்தது.

"மிஸ், இந்தப் பல்ல எடுத்துருங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

"டீச்சர், நல்ல பல்ல எடுக்க மாட்டேன். மூணு எடுத்தாச்சு. வலி போச்சா?"

"நீங்க எடுக்கலன்னா நாளைக்கே டவுனுல வேற எடத்துல போய் எடுத்துருவேன். எல்லாத்தையும் எடுத்துருவேன். பல்லே வேணாம் எனக்கு."

அவள் அதைச் செய்வாள் என்று எனக்குத் தெரியும். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ, பைக்குள் கையை விட்டேன். காலண்டர் தாளைப் பிரித்து அந்தக் கொப்பியை எடுத்து மற்றக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதையும் பாருங்க மிஸ்."

பெற்றீசியா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

டொக்டர் சுலக்ஷனா முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் படித்தார். திட்டவில்லை. "ஏன் டீச்சர் சொல்லல?" என்றுகூடக் கேட்கவில்லை. எழும்பிக் கையுறையைக் கழற்றினார். "என்னோட வாங்க" என்றார். வெளியே இருந்த நோயாளிகளிடம் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கொப்பிகளையும் தானே எடுத்துக்கொண்டு, எங்களைப் பொது மருத்துவக் கிளினிக்குக்கு நடத்திக் கூட்டிப்போனார். துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பாமல் ஒரு டொக்டர் நோயாளியோடு நடந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கே டொக்டர் இந்திக இருந்தார். நரைத்த தலை. சிங்களவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தை, ஒருவர் கழுத்தையும் தோளையும். நாங்கள் இருவரும் சிங்களம் பேசுவோம் என்பதால் அவர்கள் பேசியது எல்லாமே விளங்கியது. டொக்டர் இந்திக இரண்டு கொப்பிகளையும் விரித்து ஒரு தாளில் திகதிகளை எழுதினார். மாத்திரை தொடங்கியது எப்போது, அளவைக் கூட்டியது எப்போது, வலி வந்தது எப்போது, பல் பிடுங்கியது எப்போது. மாத்திரையின் அளவைக் கூட்டி மூன்று மாதத்துக்குள் முதல் பல் போயிருந்தது.

"இந்த மாத்திரை சில பேருக்குப் பல்லைக் கடிக்க வைக்கும்" என்றார் பெற்றீசியாவிடம். "எல்லாருக்கும் இல்லை, கொஞ்சப் பேருக்குத்தான். உங்களுக்கு அதுதான் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். ரத்தம் பார்க்க வேண்டும், தாடை மூட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் இதைப் பல் டொக்டரும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது, நானும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப அந்த மாத்திரதான் என் பல்லத் தின்னுச்சா?" பெற்றீசியா தமிழிலேயே கேட்டாள்.

டொக்டர் சுலக்ஷனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மாத்திரதான் ஒங்கள எழுப்பி உக்கார வச்சிச்சு டீச்சர். அதக் கெட்டதுன்னு நெனைக்காதீங்க. வேற மாத்திரைக்கு மெல்ல மெல்ல மாத்தலாம். மனநலக் கிளினிக் டொக்டரோட நாங்க பேசுறோம். நீங்களா மட்டும் நிப்பாட்டிறாதீங்க. என்ன?"

அவள் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சிக்கு நிற்கும்போது கேட்டாள்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்னு சொன்னல்ல?"

"சொன்னேன்."

"இப்ப யாருடி செத்தா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. காலையில் வேறு பெட்டியில் ஏறினாள். ஸ்டாஃப் ரூமில் மேசையின் மற்ற மூலையில் உட்கார்ந்தாள். மூன்றாவது கிழமை பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. முதல் நாள் காய்ச்சல் என்றார்கள். நாலாவது நாள் நான் பொறுக்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அவள் கட்டிலின் ஓரத்தில், ஐந்து வருடத்துக்கு முன் உட்கார்ந்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரைய நிப்பாட்டிட்டியா?"

"அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். ஒரேயடியா." அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "தலையத் திருப்புனா மண்டக்குள்ள கரண்ட் அடிக்குது. காரணமே இல்லாம அழுக வருது. ஜீவா, அவரு செத்து நேத்துத்தான் மாதிரி இருக்குடி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எம் மேல கோவமா இரு. பரவால்ல. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வா" என்றேன்.

"ஒம் மேல எதுக்கு கோவம்?" என்றாள். "அஞ்சு வருசமா அந்தக் கொப்பியத் தாள்ல சுத்திச் சுத்தி வச்சேன். அத நீ எல்லார் முன்னாலயும் தொறந்து வச்சதும், நான் உடுப்பில்லாம நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான்."

மறுநாளே போனோம். திட்டு விழும் என்று பயந்துகொண்டு போனாள், ஒருவரும் திட்டவில்லை. மனநலக் கிளினிக் டொக்டர், டொக்டர் இந்திக, டொக்டர் சுலக்ஷனா மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்கள் முன்னாலேயே பேசினார்கள். பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை குறைத்து, வேறொன்றைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்ப்பது. பல்லுக்குக் கொஞ்சம் தடித்த புது உறை. கழுத்துக்கும் தாடைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ். காலையும் மாலையும் சுடுதண்ணித் துணி. பெற்றீசியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்பு எழுதுவது போல.

அவர்கள் கொடுத்த பயிற்சியில் மிகச் சின்னதுதான் மிகக் கஷ்டமானது. உதடு மூடியிருக்க வேண்டும், பல்லும் பல்லும் தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்தில் இருக்க வேண்டும். நாள் முழுக்க. கோச்சியில் அவள் கன்னத்தில் தசை எழும்பினால் நான் மெதுவாகப் "பல்லு" என்பேன். அவள் உடனே தாடையைத் தளர விடுவாள். ஒரு நாள் அவசரத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னால் இருந்த ஒரு பொடியன் பயந்துபோய்த் தன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

வலி ஒரே நாளில் போகவில்லை. ஆனி முழுக்க இருந்தது. ஆடியில் மழையும் காற்றும் கூடியபோது இன்னும் கூடியது. "இதுவும் பொய்தானோ" என்று சலித்துக்கொண்டாள். ஆவணி நடுவில், பின்னேரக் கோச்சிக்காக நிற்கும்போது, "இன்னைக்கு வலிய நான் நெனைக்கவே இல்லடி" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னதால் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

புரட்டாசியில் கிளினிக்கில் வாயைத் திறந்து காட்டினாள். இரண்டரை விரல். டொக்டர் சுலக்ஷனா பல்லுக்கான கொப்பியில் அதை எழுதி, கொண்டுபோய் டொக்டர் இந்திகவிடம் காட்டிவிட்டு வந்தார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது அவர் நடை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் பெற்றீசியா ஒரு கடலை வடை முழுதையும் சாப்பிட்டாள். இடது பக்கமாக, மெதுவாக, பிளேன்டீயோடு. அந்தக் கடையில்தான், ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவளாகவே சூசைரட்ணம் அண்ணனைப் பற்றிக் கதை சொன்னாள்.

"எங்க கல்யாணத்தன்னைக்கு அவங்க வந்த லொறி சேத்துல பொதஞ்சிருச்சு. ஒனக்குத் தெரியுமா? இவருதான் எறங்கித் தள்ளிருக்காரு. மத்தவங்க எல்லாம் உடுப்பு அழுக்காயிரும்னு நின்னுருக்காங்க. கோயில் வாசல்ல வந்து எறங்குறாங்க, எங்கப்பா எல்லாரையும் பாத்துட்டுக் கேக்குறாரு, 'எல்லாரும் சுத்தமா இருக்கீங்க, மாப்பிள எங்க?'ன்னு. சேத்துக்குள்ள இருந்து இவரு கையத் தூக்குறாரு."

நான் இந்தக் கதையைக் கேட்டதில்லை. பதினேழு வருடத்தில் அவள் சொல்லாத கதை ஒன்று இருந்திருக்கிறது. வெளியே மழை பிடித்தது. நாங்கள் இரண்டாவது பிளேன்டீ சொன்னோம். அவள் இன்னொன்று சொன்னாள். அதற்குப் பிறகு இன்னொன்று. அவர் அந்த மேசையில் எங்களோடு உட்கார்ந்திருப்பது போல எனக்கு இருந்தது. பேசிப் பேசித் தாடை களைத்தபோது கன்னத்தைத் தடவிக்கொண்டு கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு தொடர்ந்தாள்.

இப்போதும் அவளுக்குக் குளிர் நாட்களில் அந்த இடம் நோகிறது. மூன்று பல் போனது போனதுதான். மாத்திரை எடுக்கிறாள். நிறுத்தலாமா என்று டொக்டர்கள் அடுத்த வருடம் பார்ப்பார்களாம்.

போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது அவள் சட்டென்று நின்று போனை எடுத்தாள். "கேத்ரினுக்குச் சொல்லப் போறேன். நீ பக்கத்துல நில்லு" என்றாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிரஷர் கிளினிக் இல்லை என்பதையும், என்ன மாத்திரை என்பதையும். பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவளுக்கு அப்பவே தெரியுமாம்டி. அலுமாரியில மாத்திர அட்டையப் பாத்திருக்கா. பார்மசிக்காரிக்குத் தெரியாதா என்ன? அம்மா வெக்கப்படுவாங்கன்னு அஞ்சு வருசமா கேக்காம இருந்திருக்கா."

"இப்ப என்ன சொல்றா?"

"வாற சனிக்கெழம வாறாளாம். என்னோட கிளினிக்குக்கு வரணுமாம். அந்தப் பல்லு டொக்டரப் பாக்கணுமாம்." அவள் கண்ணைத் துடைத்தாள். "சனிக்கெழம கிளினிக் இல்லன்னு சொல்லவே மறந்துட்டேன்."

தேயிலைக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. இருவரும் ஒரு குடைக்குள் வேகமாக இறங்கினோம்.